ஜீவனாம்சம் என்னும் சொல்லும் ஐந்து உரிமைகளும்

சில சொற்கள் நெடுங்காலம் புழங்கிப் புழங்கித் தாம் உணர்த்த வந்த பொருளையே மறைத்துவிடுவதுண்டு. நம் குடும்ப வழக்குகளில் அத்தகைய சொல் ஒன்று இருக்கிறது: ஜீவனாம்சம். மணவிலக்கு என்று பேச்செடுத்தால் அடுத்த வாக்கியத்தில் இச்சொல் வந்து நின்றுவிடுகிறது. நாளிதழ்ச் செய்தியில் வருகிறது. வழக்கறிஞர் அனுப்பும் நோட்டீசில் வருகிறது. ஜமாஅத் பஞ்சாயத்தில் வருகிறது. மேடைச் சொற்பொழிவில் வருகிறது. நம் எழுத்தாளர்களின் சிறுகதைகளிலும் வருகிறது.

எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்வதால் எல்லாரும் ஒரே பொருளைத்தான் சொல்கின்றனர் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மை அதுவன்று. அச்சொல்லால் ஒருவர் மஹரைக் கருதுகிறார். மற்றொருவர் இத்தாக் காலச் செலவைக் கருதுகிறார். வேறொருவர் பிள்ளையின் பால் செலவையும் பள்ளிக்கூடச் சம்பளத்தையும் கருதுகிறார். இக்குழப்பத்தால் முதலில் இழப்புக்குள்ளாகிறவள் தலாக் சொல்லப்பட்ட பெண். அவளினும் மிகுதியாக இழப்பது அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தை. ஆகவே இச்சொல்லை ஆராய்வது வெறும் சொல்லாராய்ச்சி ஆகாது.

சொல் வந்த வழி

ஜீவனம், அம்சம் என்னும் இரண்டு வடசொற்கள் கூடிப் பிறந்தது இச்சொல். பிழைப்புக்கென ஒதுக்கப்படும் பங்கு என்பது இதன் பொருள். இந்துக் கூட்டுக் குடும்பத்தில், சொத்தில் பாகம் பெறாத பெண்களைக் குடும்பச் சொத்திலிருந்து பராமரிக்கும் கடமைக்கு இது பொருத்தமாக அமைந்த சொல். பின்னர் 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவுக்கும், அதன் இடத்தில் 1973இல் வந்த சட்டத்தின் 125ஆம் பிரிவுக்கும் இதே சொல் பெயராயிற்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் அது 144ஆம் பிரிவு. மனைவிக்கும், மக்களுக்கும், பெற்றோருக்கும் ஆதரவளிக்கச் சொல்லும் பிரிவு அது. மூவருக்கும் உரியதைத் தமிழில் ஒரே சொல்லால் குறிக்கிறோம்.

ஷரீஅத்தின் அமைப்பு வேறு. ஒரு பங்கை மொத்தமாக ஒதுக்கிவிட்டுக் கணக்கை முடிக்கும் ஏற்பாடு அன்று அது. ஒவ்வோர் உரிமைக்கும் தனிப் பெயர், தனிக் காரணம், தனிக் கால வரம்பு வைத்திருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஐந்து உரிமைகள்

முதலாவது மஹர். இது மணவிலக்கினால் பிறக்கும் உரிமை அன்று. நிக்காஹினால் பிறந்த கடன். தலாக் நிகழாமல் கணவன் இறந்துபோனாலும், அவன் சொத்தை வாரிசுகள் பங்கிடுமுன் தீர்க்கப்பட வேண்டிய கடன். மனைவிக்குப் பொற்குவியலையே கொடுத்திருந்தாலும் அதிலிருந்து எதையும் திரும்ப எடுக்கலாகாது என்று திருமறை (4:20) எச்சரிக்கிறது. எனவே மஹரைக் கொடுத்துவிட்டு, “ஜீவனாம்சம் கொடுத்துவிட்டேன்” என்று ஒருவர் சொல்வாரானால், பழைய கடனை அடைத்துவிட்டுத் தருமம் செய்ததாகக் கணக்கு எழுதுகிறார் என்பதே பொருள்.

இரண்டாவது இத்தாக் கால நபகா. காத்திருக்கும் நாட்களில் அவளுக்கு உணவும் உடையும் உறைவிடமும் கணவன் பொறுப்பு. அவளை வீட்டைவிட்டு வெளியேற்றாதீர்கள் என்றும், உங்கள் வசதிக்கேற்ப நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே அவர்களையும் குடியிருத்துங்கள் என்றும் தலாக் அத்தியாயம் (65:1, 6) பணிக்கிறது. நம் ஊர்களில் நடப்பது என்ன? தலாக்குக்குப் பல நாட்களுக்கு முன்பே பெண் தாய்வீட்டில் கொண்டுபோய் விடப்படுகிறாள். இத்தாவின் உணவை அவளுடைய தந்தையே போடுகிறார்.

மூன்றாவது மதாஉ. பிரிந்து செல்லும் பெண்ணுக்கு நன்முறையில் கொடுத்தனுப்பும் பொருள் இது. வசதியுள்ளவன் தன் வசதிக்கேற்பவும், ஏழை தன் நிலைக்கேற்பவும் தர வேண்டும் என்று 2:236இலும், தலாக் பெற்ற பெண்களுக்கு மதாஉ உண்டு என்று பொதுவாக 2:241இலும் திருமறை கூறுகிறது. ஹனபி மத்ஹபில், மஹர் குறிக்கப்படாமலும் இல்லறம் தொடங்காமலும் விலக்கப்பட்டவளுக்கு மட்டும் இது கட்டாயம், மற்றவர்களுக்கு விரும்பத்தக்கது. ஷாபிஈ மத்ஹபிலோ இல்லறம் நடத்தியபின் விலக்கப்பட்ட பெண்ணுக்கும் இது கட்டாயம். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் எனக் கடலோரமெங்கும் ஷாபிஈகள் நிறைந்து வாழும் இத்தமிழகத்தில், மதாஉ என்னும் சொல்லைக் கேட்டறியாத குடும்பங்கள் எத்தனை! தொழுகையில் கையை எங்கே கட்டுவது என்பதில் மத்ஹபை அணுவளவும் பிசகாமல் பேணுகிற நாம், பணப்பையைத் திறக்கும் இடத்தில் அதே மத்ஹபை மறந்துவிடுகிறோம்.

நான்காவது, அவளுடைய சொந்த உடைமை. தாய்வீட்டார் போட்ட நகை, உற்றார் தந்த அன்பளிப்பு, கணவனோ அவன் வீட்டாரோ அளித்த பொருள் ஆகியவை அவளுக்கே உரியன. திருமணத்துக்கு முன்னும், திருமணத்தின்போதும், பின்னும் இவர்கள் அவளுக்குத் தந்த அனைத்தும் அவளைச் சேரும் என்று 1986ஆம் ஆண்டு முஸ்லிம் பெண்கள் (மணவிலக்கு உரிமைகள் பாதுகாப்பு) சட்டத்தின் 3ஆம் பிரிவும் கூறுகிறது. அவளுடைய பொருளை அவளிடம் திருப்பிக் கொடுப்பது ஈகை ஆகாது.

ஐந்தாவது பிள்ளையின் நபகா. இது தாயின் உரிமையே அன்று, பிள்ளையின் உரிமை. தாயைத் தலாக் சொல்லலாம். பிள்ளையைத் தலாக் சொல்ல எந்த மத்ஹபிலும் வழியில்லை. பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் தருவது தந்தையின் கடமை என்றும், பிள்ளையைக் காரணமாக்கித் தாய்க்கோ தந்தைக்கோ தீங்கு செய்யலாகாது என்றும் 2:233 கூறுகிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளை பிறந்து இரண்டு ஆண்டுகள் வரை தாய்க்குத் தர வேண்டியதைக் குறிப்பிட்டது. அதைக் காட்டி, இரண்டு வயதுக்குமேல் தந்தைக்குப் பொறுப்பில்லை என்று வாதிட்டவர்களும் இருந்தனர். 1997இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை மறுத்தது. பிள்ளை உரிய வயதை அடையும் வரை தந்தையிடம் ஆதரவு கேட்கும் உரிமை தனித்து நிற்கிறது என்று தெளிவாக்கியது.

கடன், காத்திருப்புச் செலவு, பிரிவுக்கொடை, சொந்த உடைமை, பிள்ளையின் உரிமை என்னும் இவ்வைந்தையும் ஒரே குடத்தில் ஊற்றிக் கலக்கிவிட்டு, குடத்துக்கு ஜீவனாம்சம் என்று பெயர் எழுதி வைத்திருக்கிறோம்.

“இத்தா காலத்துக்கு”, “இத்தா காலத்துக்குள்”

இச்சொற்குழப்பம் நாடு முழுவதையும் ஒருமுறை உலுக்கியிருக்கிறது. இந்தூரைச் சேர்ந்த ஷா பானு அம்மையாருக்கு 1932இல் திருமணம். 1975இல் கணவர் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1978இல், அறுபது வயது கடந்த நிலையில், தலாக் சொல்லப்பட்டார். கணவர் நல்ல வருவாயுள்ள வழக்கறிஞர். மாதம் 500 ரூபாய் கேட்ட அம்மையாருக்கு மாஜிஸ்திரேட் 1979இல் விதித்த தொகை 25 ரூபாய். மறு ஆண்டு உயர் நீதிமன்றம் அதனை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. அதையும் எதிர்த்துக் கணவர் உச்ச நீதிமன்றம் சென்றார். மஹராக 3,000 ரூபாய் செலுத்திவிட்டேன், இத்தாவும் முடிந்துவிட்டது, இனி என் பொறுப்பு ஏதுமில்லை என்பது அவர் வாதம். 1985 ஏப்ரல் 23இல் அவர் மனு தள்ளுபடியாயிற்று.

அடுத்து எழுந்த வாதப் பிரதிவாதங்களை இன்று நிதானமாகப் பார்க்கையில் ஒன்று புலப்படுகிறது. ஒரு சாரார், 2:241ஆம் வசனம் ஜீவனாம்சத்தைத்தான் சொல்கிறது என்றனர். மறு சாரார், ஜீவனாம்சம் இத்தாவோடு முடிந்தது என்றனர். முன்னவர் மதாஉவை நபகாவாக்கினர். பின்னவர் நபகாவைச் சொல்லி மதாஉவை மறைத்தனர். அத்தீர்ப்பு வழக்கைத் தாண்டிப் பொது சிவில் சட்டத்தைப் பற்றியும் பேசியது சமுதாயத்தின் மனத்தைப் புண்படுத்தியது உண்மை. ஷரீஅத்தைக் காக்க ஊர்வலம் போனவர்களின் ஈமானை யாரும் ஐயுற வேண்டியதில்லை. ஆயினும் அந்த ஊர்வலங்களில் இத்தாவின் எல்லையைப் பற்றி எழுந்த குரலில் கால் பங்காவது, “மதாஉவை நாங்களே கொடுப்போம்” என்று எழுந்திருந்தால், நம் நிலை எத்துணைக் கண்ணியம் பெற்றிருக்கும்!

1986இல் புதிய சட்டம் வந்தது. மணவிலக்குப் பெற்ற பெண்ணுக்கு நியாயமான ஏற்பாடும் பராமரிப்பும் இத்தா காலத்துக்குள் செய்து கொடுக்கப்பட வேண்டும் என்று அது விதித்தது. இத்தாவுக்குப்பின் ஏதும் இல்லை என்று இதைப் பலர் படித்தனர். ஆனால் ஷா பானு அம்மையாருக்காக வாதாடிய டேனியல் லத்தீபி தொடுத்த வழக்கில், 2001 செப்டம்பர் 28இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு வேறு விதமாகப் படித்தது. சட்டத்தில் இருப்பவை ஏற்பாடு, பராமரிப்பு என இரண்டு சொற்கள். இரண்டுக்கும் பொருள் வேறு. மேலும் சட்டம் சொல்வது “இத்தா காலத்துக்குள்” என்றுதான். “இத்தா காலத்துக்கு” என்று அன்று. கொடுத்து முடிக்க வேண்டிய கெடு இத்தா. கொடுக்கப்படுவதோ அவளுடைய பின்வாழ்வுக்கும் உரிய நியாயமான ஏற்பாடாக இருக்க வேண்டும். இவ்வாறு பொருள் கொண்டு அச்சட்டம் செல்லும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

“உள்” என்னும் ஈரெழுத்தில் ஒரு பெண்ணின் எதிர்காலம் அடங்கியிருந்தது. ஆயினும் இத்தீர்ப்புக்குப் பின்னும் நம் மேடைகளில் “இத்தா முடிந்தால் எல்லாம் முடிந்தது” என்னும் பழைய பல்லவி ஓயவில்லை. தமிழில் ஏற்பாட்டுக்கும் பராமரிப்புக்கும் சேர்த்து ஒரே சொல்லை வழங்குவதால், வேறுபாடு கேட்போர் காதுக்கு எட்டவே இல்லை. 2024 ஜூலை 10இல், பொதுச்சட்டத்தின் 125ஆம் பிரிவும் மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்ணுக்குத் திறந்தே இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழியை அடைக்கவில்லை. எதை நாடுவது என்பது அவள் விருப்பம்.

அரசின் பக்கம் குறையே இல்லையா? உண்டு. 2017 ஆகஸ்ட் 22இல் உடனடி முத்தலாக் செல்லாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு படி மேலே சென்று, அவ்வாறு சொல்லும் கணவனுக்கு மூன்றாண்டு வரை சிறை என்றது. அதே சட்டம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பிழைப்புத் தொகை உண்டென்கிறது. சிறையில் இருப்பவன் எங்ஙனம் உழைத்துக் கொடுப்பான் என்னும் வினாவுக்கு அதில் நல்ல விடை இல்லை. இதை எடுத்துச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் நம் வீட்டுக் கணக்கை நாம் நேராக எழுதியிருந்தால் அவ்வுரிமை இன்னும் உரத்து ஒலிக்கும்.

பிள்ளை யாரிடம்?

ஜீவனாம்சத்தில் ஐந்தைக் கலந்தது போலவே, “பிள்ளை யாருக்கு?” என்னும் கேள்வியில் மூன்றைக் கலக்கிறோம். வளர்ப்புரிமையாகிய ஹளானத், பொறுப்பாளர் உரிமையாகிய விலாயத், செலவாகிய நபகா ஆகியவையே அம்மூன்றும். இளம்பருவத்தில் ஹளானத் தாய்க்கு உரியது. விலாயத்தும் நபகாவும் தந்தையைச் சாரும். ஹனபி மத்ஹபில் ஆண்பிள்ளை ஏழு வயது வரையிலும், பெண்பிள்ளை பருவமெய்தும் வரையிலும் தாயிடம் வளரும். ஷாபிஈ மத்ஹபில் நன்மை தீமை பிரித்தறியும் வயது வந்தபின் பிள்ளையையே கேட்டு, அது விரும்பியவரிடம் விடுவர். 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டமும் பிள்ளையின் நலனை முன்னிறுத்துகிறது. அறிந்து சொல்லும் வயதுடைய பிள்ளையின் விருப்பத்தையும் கருதலாம் என்கிறது. இரண்டும் நெருங்கி வரும் இடம் இது.

இவ்விடத்தில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா பதிவுசெய்துள்ள நிகழ்ச்சி ஒன்று நினைக்கத்தக்கது. உமர் (ரலி) அவர்கள் அன்சாரிப் பெண்மணி ஒருவரை மணந்து, ஆஸிம் என்னும் மகனைப் பெற்று, பின் பிரிந்தார்கள். ஒருநாள் குபாவுக்குச் சென்றவர்கள் பள்ளிவாசல் முற்றத்தில் மகன் விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்டு, கையைப் பிடித்துத் தூக்கி வாகனத்தில் தமக்கு முன்னே அமர்த்திக்கொண்டார்கள். தாய்வழிப் பாட்டியார் வந்து தடுத்தார். வழக்கு அபூபக்ர் (ரலி) அவர்களிடம் சென்றது. இருவரும் என் மகன் என்றே வாதிட்டனர். குழந்தையைப் பாட்டியிடமே விட்டுவிடும்படி கலீபா தீர்ப்பளித்தார்கள். உமர் (ரலி) மறுத்து ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அந்த மௌனத்தை நம் தகப்பன்மார் எண்ணிப் பார்க்க வேண்டும். நீதிக்கு உவமையாகச் சொல்லப்படும் உமர் அவர்களே தம் மகனைத் தாய்வீட்டாரிடம் விட்டுத் திரும்பினார்கள். நாமோ, “பிள்ளையைத் தந்துவிடு, நகையைத் தருகிறேன்” என்றும், “பிள்ளை உன்னிடம் இருந்தால் ஒரு காசும் தரமாட்டேன்” என்றும் பேரம் பேசுகிறோம். பிள்ளை தாயிடம் வளர்வதால் தந்தையின் செலவுப் பொறுப்பு நீங்குவதில்லை. செலவு தருவதால் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கும் உரிமையும் வருவதில்லை. குலாவில்கூட, பிள்ளையைத் தந்தையிடம் விட்டுவிட வேண்டும் என்று நிபந்தனை விதித்தால் குலா செல்லும், நிபந்தனை செல்லாது என்று ஹனபி பிக்ஹு நூலோர் கூறுவர். ஏனெனில் தாயின் அரவணைப்பு பிள்ளையின் உரிமை. பெரியவர்கள் அதைக் கைமாற்றிக் கொள்ள இயலாது.

கதைகளில் விடுபட்ட கணக்கு

நம் இலக்கியத்தின் மீதும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். தலாக்கைப் பொருளாகக் கொண்ட நம் சிறுகதைகளில் பெரும்பாலானவை தலாக் என்னும் சொல்லோடு உச்சத்தை அடைந்து, கண்ணீரோடு முடிந்துவிடுகின்றன. கணவன் கொடியவன், அல்லது மாமியார் கொடியவள். பெண் பொறுமையின் வடிவம். மகனோ மகளோ அழுவதற்காக மட்டும் வாசலில் நிறுத்தப்படுகிறது. மறுநாள் காலையில் பால்காரனுக்கு யார் பணம் கொடுத்தார், தஃப்தரில் எழுதிய மஹர் என்னவாயிற்று, பெருநாளைக்குப் பிள்ளைக்குச் சட்டை எங்கிருந்து வந்தது என்னும் கேள்விகளைக் கதாசிரியர்கள் கேட்பதில்லை. கண்ணீர் வாசகரை உருக்கும். ஆனால் தனக்குச் சேர வேண்டியது இன்னது என்று ஒரு பெண்ணுக்கு அது கற்பிக்காது. ஏழை உம்மா ஒருத்தி ஐந்து விரல்களை மடக்கி ஐந்து உரிமைகளையும் கேட்கும் ஒரு கதை, ஐம்பது சோகக் கதைகளைவிடச் சமுதாயத்துக்கு உதவும்.

முடிவுப் பத்திரம்

கதைகள் கேட்காத இக்கேள்விகளை மணவிலக்கின்போது எழுதப்படும் முடிவுப் பத்திரங்களும் கேட்பதில்லை. “ஜீவனாம்சம் உள்பட எனக்குச் சேர வேண்டிய யாவும் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கும் என் குழந்தைக்கும் யாதொரு பாத்தியமும் இல்லை” என்பது போன்ற வாசகம் ஒன்று அவற்றில் இடம்பெறுவது வழக்கம். இவ்வாக்கியத்தில் பிழைகள் இரண்டு. எது மஹர், எது மதாஉ, எது அவள் நகையின் விலை என்று பிரித்துச் சொல்லாமை ஒன்று. குழந்தையின் உரிமையைத் தாயின் கையெழுத்தால் அழிக்க முயல்வது மற்றொன்று. தனக்குரியதைத் தாய் மன்னிக்கலாம். தனக்கு உரியதல்லாததை எவ்வாறு மன்னிப்பாள்?

ஜமாஅத்தின் இடம் எது என்பதையும் அறிந்திருப்பது நலம். தலாக் குறித்துக் காஜிகள் தரும் சான்றிதழ் ஒரு கருத்து மட்டுமே, அதற்குச் சட்ட வலிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017 ஜனவரியில் கூறியது. குலா வேண்டும் பெண் குடும்ப நீதிமன்றத்தையே நாட வேண்டும், தனியார் ஷரீஅத் கவுன்சில் தரும் சான்றிதழ் செல்லாது என்று 2023இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் ஜமாஅத்தின் மதிப்புப் போய்விட்டது என்று வருந்த வேண்டியதில்லை. இரு தரப்பிலிருந்தும் நடுவர் ஒருவரை அமர்த்திச் சமரசம் செய்யுங்கள் என்னும் இறைக்கட்டளை (4:35) அப்படியே இருக்கிறது. அச்சமரச முயற்சியும் தக்க காரணமும் இல்லாத தலாக் செல்லாது என்று 2002இல் உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது. முத்திரை குத்தும் வேலை போனாலும் இணக்கும் வேலை ஜமாஅத்திடம் எஞ்சியிருக்கிறது. அதுவே மூத்த பணி.

இணக்கம் கைகூடாதபோது ஜமாஅத் செய்யக்கூடிய பேருதவி மற்றொன்று உண்டு. முடிவுப் பத்திரத்தில் ஜீவனாம்சம் என்னும் ஒற்றைச் சொல்லுக்குப் பதில் ஐந்து வரிகள் எழுதட்டும். மஹர் இவ்வளவு, எந்நாளில் தரப்பட்டது. இத்தாக் காலச் செலவு இவ்வளவு. மதாஉ இவ்வளவு, கணவனின் வருவாய் இன்னது. திரும்பிய நகையும் பொருளும் இவை. பிள்ளையின் மாதச் செலவு இவ்வளவு, பிள்ளை இன்னாரிடம், மற்றவர் காணும் நாட்கள் இவை. எந்த வரி வெறுமையாக இருக்கிறதோ அந்த வரி அங்கே கூடியிருக்கும் அனைவரையும் பார்த்துக் கேள்வி கேட்கும். ஒரே சொல் எழுதப்பட்ட தாளில் அக்கேள்வி எழ இடமே இல்லை. பத்திரத்தின் இந்த ஐந்து வரிகளை நிக்காஹின்போதே மணமக்களுக்கும் பெற்றோருக்கும் ஓதிக் காட்டினாலும் தவறில்லை. பிரிவின் விலை இன்னதென்று அறிந்தவன் பிரிவை எளிதில் நாடமாட்டான்.

நன்முறையில் சேர்ந்து வாழுங்கள், அல்லது நன்முறையில் பிரிந்துவிடுங்கள் என்பதே திருமறையின் (2:229) நெறி. சேர்ந்து வாழும் நன்முறையைப் பற்றி நாம் நிறையவே பேசிவிட்டோம். பிரியும் நன்முறையை ஐந்து பெயர்களாலும் அறிந்து, நம் வீட்டுப் பெண்களுக்கும் அறிவித்து, கடனாளியாக மறுமையில் நிற்காமலிருக்க வல்ல நாயன் அருள்புரிவானாக!